காரைக்குடிப் பழம்பொருள் கடையில் ஒரு தட்டு நிறைய எண்கள்

முப்பத்தோரு ஆண்டுகளாக வண்டிகளுக்கு எண் எழுதுகிறவன் நான். லாரியின் நெற்றி, பஸ்ஸின் முதுகு, வாடகைக் காரின் கதவு என்று என் பிரஷ் படாத இடம் இல்லை. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமான பிறகு அந்த வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கடைப் பெயர்ப்பலகையும் கோயில் உபயப் பலகையும்தான் இப்போது கைகொடுக்கின்றன. ஆனாலும் நன்றாக எழுதிய ஓர் எண்ணைக் கண்டால் என் கால் அங்கேயே நின்றுவிடும்.

அப்படி நின்ற இடம்தான் இந்தக் கடை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் ஒன்று. வாசலில் பித்தளை அண்டாக்கள், எனாமல் தூக்குகள், பர்மாத் தேக்குப் பெட்டிகள், ஓடாத சுவர்க் கடிகாரங்கள். தெருவுக்குப் புதியவர்களுக்கு எல்லாக் கடையும் ஒன்றுபோலத் தெரியும். இந்தக் கடையில் உள்ளே போய் இடப்பக்கம் திரும்பினால், கண்ணாடி அலமாரியின் மூன்றாம் தட்டில் பத்தொன்பது சின்னக் கார்கள் நிற்கின்றன. எல்லாம் அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தில் ஓடிய கார்களின் உலோக மாதிரிகள். பெரும்பாலானவை மூன்று அங்குல நீளம், அதாவது 64இல் ஒரு பங்கு அளவு. இரண்டு மட்டும் சாணுக்குச் சற்றுக் குறைவு, அவை 24இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றின் கதவிலும் கூரையிலும் ஓர் எண். ஒவ்வொன்றுக்கும் கீழே நீல மையில் தமிழில் எழுதிய ஓர் அட்டை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பாகம் பிரித்தபோது வந்த சரக்கு என்றார் கடைக்காரர். அந்த வீட்டுப் பிள்ளை வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் நெடுநாள் வேலை பார்த்தவராம். நாஸ்கார் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் அந்த நகரத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. அட்டைகளையும் அவரே எழுதியிருக்கிறார். கடைக்காரர் செய்த நல்ல காரியம், அந்த அட்டைகளைத் தூக்கி எறியாததும், கார்களை விலைப்படி அடுக்காமல் எண்படி அடுக்கியதும். நான் நான்கு முறை போனேன். முதல் இரண்டு முறையும் எதையும் வாங்காமல் அட்டைகளை மட்டும் நின்று படித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை, ஒரு முக்காலியும் போட்டுக் கொடுத்தார்.

நாஸ்கார் நடத்துவது ஸ்டாக் கார் பந்தயம். ஸ்டாக் கார் என்றால், கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கார் என்பதுதான் தொடக்கத்தில் பொருள். பந்தயத்துக்கென்று செய்த ஒல்லி உடம்புக் கார் இல்லை. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் மண் தடத்தில் நாஸ்கார் இப்படி நடத்திய முதல் போட்டியில் குடும்பக் கார்களே ஓடின. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின் ஸ்பிரிங்குகளை மாற்றிப் பலப்படுத்தியிருந்தது தெரிந்தது. கள்ளச் சாராயம் ஏற்றிப் போகிறவர்கள், பாரத்தில் வண்டி படியாமல் இருக்கச் செய்யும் வேலை அது. அவரைத் தகுதி நீக்கம் செய்துவிட்டு, லிங்கன் காரில் இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ரோப்பரின் கதவில் இருந்த எண் 34. அந்த 34ஐப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எண்ணை ஏன் கூரையிலும் அவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள் என்பதற்கு ஓர் அட்டை பதில் சொன்னது. மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து, அது கடக்கும்போதெல்லாம் தாளில் குறித்துச் சுற்றுகளை எண்ணினார்கள். எண் தெரியாவிட்டால் ஓட்டியவர் ஓடாதவராகிவிடுவார். "ஐம்பது அடி தள்ளி நின்று படி, தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி எழுது" என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் சொல்வார். அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் குரல் காதில் கேட்டது.

இன்னொன்று எனக்குப் புதிது. அந்த எண் ஓட்டுநருடையது அல்ல. நாஸ்கார் அமைப்பு அதைக் கார் உரிமையாளருக்கு உரிமமாகக் கொடுக்கிறது. ஓட்டுநர் அணி மாறினால் எண்ணை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. அதே கடையின் வாசலில் கிடக்கும் அண்டாக்களைப் புரட்டிப் பாருங்கள், விளிம்பில் விலாசம் வெட்டியிருக்கும். மூன்று நான்கு எழுத்துகள்தான். பாட்டன், பூட்டன் பெயர்களின் தலையெழுத்துகள். அந்த அண்டாவில் சமைத்தவர்கள் யாரும் இன்று இல்லை, விலாசம் இருக்கிறது. காரின் எண்ணும் அப்படித்தான். ஆட்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறார்கள், எண் வீட்டோடு இருக்கிறது.

இதற்குப் பெட்டி (Petty) என்ற ஓட்டுநர் குடும்பத்தைவிட நல்ல சான்று இல்லை. லீ பெட்டியின் எண் 42. 1959இல், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 முதன்முறை நடந்தபோது, அவருடைய ஓல்ட்ஸ்மொபைலும் ஜானி போஷாம்பின் காரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. புகைப்படங்களையும் படச்சுருளையும் பார்த்து லீதான் வென்றார் என்று சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அவர் மகன் ரிச்சர்ட், அப்பாவுக்கு அடுத்த எண்ணான 43ஐ எடுத்தார். 200 வெற்றிகள், ஏழு சாம்பியன் பட்டங்கள், ஏழு டேடோனா 500. 1967இல் மட்டும் 27 வெற்றிகள், அவற்றில் பத்து தொடர்ச்சியாக. இருநூறாவது வெற்றி 1984 ஜூலை 4 அன்று டேடோனாவில், ஜனாதிபதி ரீகன் முன்னிலையில் கிடைத்தது.

ரிச்சர்டின் பேரன் ஆடம் பெட்டிக்கு 45. நான்காம் தலைமுறை. 2000 ஏப்ரலில் கொள்ளுத்தாத்தா லீ இறந்தார். அடுத்த மாதமே நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் பயிற்சியின்போது ஆடம் மோதி இறந்தார், வயது 19. அவருடைய தந்தை கைல் பெட்டியும் ஓட்டுநர்தான். அவர் தன் எண்ணை விட்டுவிட்டு, மகனின் 45ஐ எடுத்து ஓட்டினார். நம் பக்கத்தில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், பெயர் மேலிருந்து கீழே இறங்கும். இங்கே எண் கீழிருந்து மேலே ஏறியிருக்கிறது. அந்த அட்டையில் மற்ற அட்டைகளைப் போல வெற்றிக் கணக்கு எதுவும் இல்லை. "மகனுடையதை அப்பா எடுத்துக்கொண்டார்" என்ற ஒரே வரிதான். அதைப் படித்த பிறகு நான் அன்று வேறு காரைப் பார்க்கவில்லை.

கடையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறையும் இதே வரிசையில்தான். முதல் முறை நான் போனபோது 42, 43, 45 மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூன்றையும் சேர்த்து எடுக்கப் பணம் திரட்டிக்கொண்டு ஐந்து நாள் கழித்துப் போனால் 42 இல்லை. "கேட்டார்கள் தம்பி, கொடுத்துவிட்டேன்" என்றார். "அண்ணே, அப்பாவைத் தனியாக விற்கலாமா" என்று கேட்டேன். அவருக்கு வருத்தம்தான், ஆனால் விற்றது விற்றதுதான். தட்டில் ஒரு கார் அளவுக்கு இடைவெளி இருந்தது. பழம்பொருள் வியாபாரம் அப்படித்தான் நடக்கும் என்று சிலர் சொல்லலாம். சோடிக் குத்துவிளக்கில் ஒன்றை மட்டும் விற்க அந்தத் தெருவில் எந்தக் கடையும் சம்மதிக்காது, இதிலும் அதே நியாயம் வேண்டும்.

நான் வாங்கிய 43, பெரிய அளவு. 1970ஆம் ஆண்டு பிளிமத் சூப்பர்பேர்ட். முழுக்க இளநீலம், கதவில் வெள்ளை 43, பின்னால் ஆள் உயரத்துக்கு எழும்பும் இறக்கை, முன்னால் கூரான மூக்கு. 1969இல் இப்படி இறக்கை வைத்த காரை டாட்ஜ் ஓட்டுநர்களுக்குத் தந்தபோது ரிச்சர்டுக்குக் கிடைக்கவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைக்கப் பிளிமத் செய்து கொடுத்த கார் இது. பிளிமத் என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய பிளிமத்துக்கு ஆசானோடு போய் எண் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு 19 வயது. பிரஷ்ஷைக் கழுவிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை, கடைசி எண்ணின் வாலை மட்டும் என்னை இழுக்கச் சொன்னார்.

மூன்றாம் எண்ணுக்கு வருகிறேன். கறுப்புச் செவர்லே, கதவில் சாய்ந்த வெள்ளை 3, ஓரத்தில் சிவப்பு. டேல் எர்ன்ஹார்ட். எழுத்து வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 3 எழுதுவது கடினம். மேல் வயிறு கீழ் வயிற்றைவிடச் சற்றுச் சிறுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைகீழாக மாட்டியதுபோல் இருக்கும். இந்த 3இல் அந்த அளவு அப்படியே விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சிவப்பு ஓரம் எங்கும் பிசிறவில்லை. இவ்வளவு சிறிய வண்டியில் இது எளிய வேலை அல்ல.

அட்டையில் ஒரு பிழை இருந்தது. ஏழு சாம்பியன் பட்டங்களையும் எர்ன்ஹார்ட் 3ஆம் எண்ணில் வென்றதாக எழுதியிருந்தது. 1980இல் அவர் வென்ற முதல் பட்டம் 2ஆம் எண் காரில் வந்தது. மற்ற ஆறும்தான் ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணியின் 3இல் கிடைத்தவை. கடைக்காரரிடம் சொன்னேன். பென்சிலைக் கையில் கொடுத்து என்னையே திருத்தச் சொன்னார். அந்தக் கையெழுத்தின் மேல் கை வைக்க மனம் வரவில்லை, அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.

எல்லாவற்றையும் வென்ற எர்ன்ஹார்டுக்கு டேடோனா 500 மட்டும் பத்தொன்பது முறை நழுவியது. 1998இல், இருபதாவது முயற்சியில் கிடைத்தது. அவர் காரை மெல்ல ஓட்டி வந்தபோது, போட்டி அணிகளின் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்று அவர் கையைத் தொட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2001 பிப்ரவரி 18 அன்று, அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பந்தயத்தின் மூன்றாம் சுற்றிலும் ரசிகர்கள் மூன்று விரல்களை உயர்த்தி நின்றார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அந்தச் சுற்று முடியும்வரை பேசவில்லை.

சில்ட்ரெஸ் தாமே ஒரு காலத்தில் 3ஆம் எண்ணில் ஓட்டியவர். எர்ன்ஹார்ட் இறந்ததும் அந்த எண்ணை எடுத்து வைத்துவிட்டார். அதே அணி, அதே வண்டி, எண் 29, கறுப்புக்குப் பதில் வெள்ளை நிறம், உள்ளே கெவின் ஹார்விக் என்ற இளைஞர். மூன்றாவது பந்தயத்திலேயே, அட்லாண்டாவில், ஜெஃப் கோர்டனை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு வித்தியாசத்தில் முந்தினார். முதல்நிலைப் பந்தயத்தில் 3 மீண்டும் வந்தது 2014இல்தான். ஓட்டியவர் ஆஸ்டின் டில்லன், சில்ட்ரெஸின் மகள் வயிற்றுப் பேரன். 2018இல் அவர் டேடோனா 500ஐ வென்றார், எர்ன்ஹார்ட் வென்று சரியாக இருபது ஆண்டு கழித்து. தட்டில் 3க்குப் பக்கத்திலேயே 29ஐ வைத்திருந்தார் கடைக்காரர். எண் வரிசைப்படி அது தவறு, ஆனால் அந்தத் தட்டில் அதுதான் சரியான இடம். இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது 34. வெண்டல் ஸ்காட்டின் கார், நீலம். வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர், கறுப்பர். நிறவெறி வெளிப்படையாக இருந்த காலத்தில் தன் காரைத் தானே பழுது பார்த்து, பிள்ளைகளையே உதவியாளர்களாக வைத்துக்கொண்டு 495 பந்தயங்கள் ஓடியவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் அவர்தான் முதலில் வந்தார். ஆனால் கொடியும் கோப்பையும் பக் பேக்கருக்குப் போயின. கூட்டம் கலைந்து சில மணி நேரம் ஆன பிறகு, சுற்றுக் கணக்கைச் சரிபார்த்து, ஸ்காட் இரண்டு சுற்று முன்னால் இருந்தார் என்று ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் வந்தது, கோப்பை வரவில்லை. அவர் 1990இல் இறந்தார். நாஸ்கார் அந்த வெற்றிக்கான கோப்பையை அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

எண் கூரையிலும் இருந்தது, இரண்டு கதவிலும் இருந்தது. குறிப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாமலா போயிருக்கும்? எவ்வளவு தெளிவாக எழுதினாலும், படிக்க விரும்பாதவனுக்கு எண் தெரியாது. இந்த ஒரு காரை நான் எண்ணுக்காக வாங்கவில்லை, அவருக்காக வாங்கினேன். முதல் பந்தயத்தில் ரோப்பர் வென்றதும் 34இல்தான், அன்றும் வெற்றி பந்தயம் முடிந்த பிறகுதான் கைமாறியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வுட் சகோதரர்களின் 21, சிவப்பும் வெள்ளையும், தங்க நிற எண். தட்டில் இருப்பதிலேயே அழகான எழுத்து அதுதான், 1976இல் டேவிட் பியர்சன் நொறுங்கிய காரை ஊர்ந்து ஓட்டி டேடோனா 500ஐ வென்ற எண்ணும் அதுதான். டேல் எர்ன்ஹார்டின் மகனுடைய 8உம் 88உம் இருக்கின்றன. 8 அவர் தாத்தா ரால்ஃபின் எண். சிற்றன்னையின் நிறுவனத்தைவிட்டு விலகியபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை, 2008 முதல் 88இல் ஓடினார். 7, 24 இரண்டையும் 43ஓடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992 நவம்பர் 15, அட்லாண்டா. 43இல் ஓடிய ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசிப் பந்தயம், 24இல் வந்த ஜெஃப் கோர்டனுக்கு முதல் பந்தயம். 7இல் ஆலன் குல்விக்கி, தன் அணிக்குத் தானே முதலாளி, அன்று இரண்டாவதாக வந்தும் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஆண்டுச் சாம்பியன் ஆனார். பந்தயத்தை வென்ற பில் எலியட் 102 சுற்று முன்னணியில் இருந்தார், குல்விக்கி 103. அதிகச் சுற்று முன்னணியில் இருந்தவருக்கான கூடுதல் புள்ளிகளை அந்த ஒரு சுற்றுதான் குல்விக்கி பக்கம் தள்ளியது. அடுத்த ஏப்ரலில் குல்விக்கி விமான விபத்தில் இறந்தார்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். சின்னது ஒன்று 350 ரூபாய், பெரியது 2,200. நான்கு சின்னதும் ஒரு பெரியதும் சேர்த்து 3,600 ஆயிற்று, 3,300க்குக் கொடுத்தார். கார் வந்த அட்டைப்பெட்டி எதற்கும் இல்லை. சேகரிப்பாளர்கள் அதனால் தயங்கலாம், எனக்கு அது பொருட்டில்லை. டயர்கள் சிலவற்றில் ரப்பர் இறுகிவிட்டது. 29இன் கூரையில் நகக்கண் அளவுக்குப் பெயின்ட் போயிருக்கிறது, அதை மறைக்காமல் அவரே காட்டினார்.

பொதி கட்டியதில்தான் கவனம் போதவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டார். பள்ளத்தூர் வந்து பிரித்தபோது சூப்பர்பேர்டின் இறக்கை ஒரு பக்கம் முறிந்திருந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். பழைய பொருளில் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். பீங்கானை வைக்கோலில் பொதிந்து பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஊரில், சில கல் தூரத்துக்கு ஒரு சின்ன இறக்கையைக் காப்பாற்ற முடியாதா? நானே பசை வைத்து ஒட்டி, இளநீலம் கலந்து தடவினேன். அந்த நீலத்தைப் பிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று, வெள்ளையும் நீலமும் மட்டும் போதவில்லை, ஒரு சொட்டுப் பச்சை தேவைப்பட்டது. வாங்குகிறவர்கள் துணிப்பையும் பழைய துண்டும் கையோடு கொண்டுபோங்கள்.

அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கார் மட்டும்தான் பைக்குள் போகும். அந்த அட்டை இல்லாத கார் பாதி விலை பெறாது என்பது என் எண்ணம். 42ஐ வாங்கிப் போனவருக்கு அட்டையும் போனதா என்று கேட்டேன், நினைவில்லை என்றார். வாங்கியவர் இதைப் படித்தால், 43ஓடும் 45ஓடும் ஒரு நாளாவது அதைச் சேர்த்து நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசை. கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு மேல் திறக்கிறார், மதியம் ஒன்றரைக்குச் சாத்திவிட்டு நான்கு மணிக்கு மறுபடி வருகிறார். காலை வெளிச்சம் அலமாரியில் நேராக விழும், எண்களைப் பார்க்க அதுவே நல்ல நேரம். போன வெள்ளிக்கிழமை நிலவரப்படி 7, 8, 21, 24, 88 இருக்கின்றன. 21ஐ மட்டும் எனக்காக எடுத்து வைக்கச் சொல்லி நூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.